ஓரகத்தியோட டிஸ்டர்ப்பு

அதான் சொல்றேன் எதிர்வீட்டம்மா, எனக்கு என் ஓரகத்தி மேல வயித்தெரிச்சல் அவ அழகைப் பார்த்து இல்ல. ஒரே ஒரு வார்த்தையால வந்தது.

என் கொழுந்தனார் பொண்டாட்டி அவ. போளூர்ல வாத்தியார் பொண்ணு. வந்த புதுசுல ஒரு நாள் தறியில பாவு பிணைச்சிகினு இருந்தா. விரல்ல சாம்பலைத் தொட்டுத் தொட்டு, பழைய பாவு முனையில புதுப் பாவை இழை இழையா முறுக்கணும் இல்ல, நடுவுல எழுந்தா எந்த இழைன்னு தப்பிப்பூடும். அந்த நேரம் பார்த்து மாமியார், "இந்தாடி, தண்ணி மொண்டுகினு வா"ன்னாங்க.

இவ தலையத் தூக்கல. "டிஸ்டர்ப் பண்ணாதீங்க அத்தே."

"அப்டின்னா இன்னாடி?"

"வேலையா இருக்கவங்கள நடுவுல கூப்ட்டுத் தொந்தரவு பண்றது, அத்தே."

மாமியார் அவங்களே குடத்தை எடுத்துகினு போனாங்க. பத்து வருசமா நான் பிணைக்கறேன், முப்பது தரம் எழுப்புவாங்க. தமிழ்ல 'கூப்டாதீங்க'ன்னா வாய்க்கொழுப்பு, இங்கிலீசுல சொன்னா மரியாதை. எனக்கு எப்டி இருந்திருக்கும்?

அவளைக் கேட்டுக் கத்துக்க மனசு வரல. காதுல வாங்கி, மாவாட்டும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துகினேன். அடுத்த பாவுக்கு நான் உக்காந்தேன். மாமியார் வாசல்ல இருந்து கூப்டவும், "டிஸ்டர்ப் பண்ணாதீங்க அத்தே"ன்னு விட்டேன். அப்டியே திரும்பி உள்ள போயிட்டாங்க. எனக்குத் தலைகால் புரியல போ.

கடைசி இழையை முறுக்கிட்டு எழுந்து வந்தா, ஓரகத்தி கையில பச்சைக் கண்ணாடி வளையல். கலசப்பாக்கத்துல இருந்து எங்கண்ணன் வந்துட்டுப் போயிருக்கார். அதைச் சொல்லத்தான் அத்தே என்னைக் கூப்ட்டிருக்காங்க. சோறு போட்டவ இவ. வண்டிக்கு நேரமாச்சுன்னு, வீட்டுப் பொண்ணுங்களுக்குன்னு வளையலை இவ கையில குடுத்துட்டுக் கிளம்பிட்டார்.

வருசத்துக்கு ஒரு தரம் வர்ற அண்ணன் அவரு. மூஞ்சியக் கூட பார்க்கல நான்.

சாயங்காலம் அவ வளையல்ல பாதியைக் கழட்டிகினு வந்து, "அக்கா, இது உங்களுக்கு"ன்னா. அவ கையால வாங்கறதான்னு எனக்கு எரிச்சல். சும்மா இருந்த தறியில போயி குந்திகினு, "டிஸ்டர்ப் பண்ணாத"ன்னேன். அவளும் சரின்னு எடுத்துகினு போயிட்டா.

இன்னிக்கும் அவ கையில அதுல ரெண்டு கிடக்குது பாரு. அந்த வளையல் சத்தம் கேட்டா எங்கண்ணன் மூஞ்சிதான்... ஐயோ, தூறல் போடுதே, சாயம் போட்ட பட்டு கழியில காயுது, இரு.