நான்காவது திருகாணி

மரியஅந்தோணி அண்ணன் மூடிய ஊறுகாய் பாட்டிலை அவர் வீட்டில் வேறு யாராலும் திறக்க முடியாது. இதை எனக்குச் சொன்னவர் அவருடைய மனைவி ஜெபராணி. "மனுசன் வேலைக்குப் போயிட்டா அன்னிக்கு எங்களுக்கு அப்பளந்தானுங்க" என்று ஞாயிற்றுப் பூசை முடிந்து வரும் வழியில் சிரித்தார். அருகில் நின்ற அண்ணன் அதை ஒரு குற்றச்சாட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பாராட்டைக் கேட்பவரைப் போலத் தலையசைத்தார்.

கணபதி என்ற பகுதியில், நானும் வேலை செய்யும் பத்மாவதி அம்மாவின் பட்டறைக்கு அவர் வந்தது பம்ப் பூட்டும் ஃபிட்டராக. மூடியின் நான்கு போல்ட்டுகளையும் எதிரெதிர் மூலையாக, மாற்றி மாற்றி முடுக்குவார். எல்லாம் முடிந்தபின் மூச்சைப் பிடித்து ஒவ்வொன்றுக்கும் இன்னொரு சுற்று வைப்பார். "சாமிக்கு ஒண்ணு" என்பது அந்தக் கடைசிச் சுற்றுக்கு அவர் வைத்த பெயர். அவர் பூட்டிய பம்ப் சோதனைத் தொட்டியில் கசிந்து நான் பார்த்ததில்லை.

பம்ப் ஆர்டர்கள் குறைந்தபோது, உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்துக்காக நாங்கள் சாய்வுமானி செய்யத் தொடங்கினோம். கோபுரம் துளி சாய்ந்தாலும் காட்டும் பெட்டி அது. ஒயர் பற்றவைக்க வந்த நான், மின்னணுச் சில்லுகளோடு வரும் விவரத்தாள்களை அச்செடுத்து, அகராதியை வைத்துக்கொண்டு படித்துச் சோதனை மேசைக்கு உயர்ந்தவள். அந்தத் தாள்கள் யாவும் இன்றும் வரிசை குலையாமல் என்னிடம் இருக்கின்றன.

பெட்டியின் உயிர், மின்சுற்று அட்டையில் ஒட்டிய சிறு சில்லு. அதனுள்ளே, இரண்டு சீப்புகளின் பற்களை ஒன்றோடொன்று தொடாமல் கோத்து வைத்தது போன்ற அமைப்பு. ஒரு சீப்பு நிலையாக நிற்கும், மற்றொன்று தொங்கும். பெட்டி சாய்ந்தால் தொங்கும் சீப்பு நகரும். பற்களின் இடைவெளி மாறும். அங்கே தங்கும் மின்னூட்டமும் மாறும். அந்த மாற்றத்தையே நாம் கோணமாகப் படிக்கிறோம். அந்த இடைவெளிக்குள் தலைமயிர் ஒன்றுகூட நுழையாது.

ஒவ்வோர் அட்டையையும் மட்டம் பார்த்துப் பதித்த கருங்கல் பலகையில் வைத்துச் சோதித்து, சுழி, அதாவது பூஜ்யம், காட்டிய பிறகே கையெழுத்திட்டேன். அண்ணன் அதை வார்ப்பு அலுமினியப் பெட்டிக்குள் நான்கு திருகாணிகளால் பூட்டினார். போன பெட்டிகள் திரும்பி வந்தன. நேராக நிற்கும் கோபுரத்தையும் சாய்ந்திருப்பதாக அவை காட்டினவாம். பத்மாவதி அம்மா என்னைக் கேட்காமலே பதில் அனுப்பினார்: "சோதனைப் பிரிவில் சண்முகப்ரியாவின் கவனக்குறைவு." அதன் நகலைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்தேன். திங்கட்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் சோதனையை வெளியில் கொடுத்துவிடுவதாகவும், நான் பற்றவைக்கும் வேலைக்கே திரும்பலாம் என்றும் அம்மா சொன்னார்.

திரும்பி வந்த பெட்டிகளைப் பிரித்து, அட்டைகளை எடுத்து, மீண்டும் கல்லில் வைத்தேன். எல்லாம் சுழி காட்டின. எனக்கு வந்த கோபத்தைவிட வியப்பே பெரிதாக இருந்தது. வெளியே எடுத்தால் உண்மை சொல்லும் பொருள், உள்ளே வைத்தால் ஏன் பொய் சொல்கிறது?

சனிக்கிழமை மதியம், பிரிக்காமல் மிச்சம் வைத்திருந்த பெட்டி ஒன்றைக் கல்லில் வைத்து, மேல்மூடியை மட்டும் கழற்றி, அட்டை உள்ளே இருக்கும்போதே கணினியோடு இணைத்தேன். சாப்பிட்டுக் கை கழுவி வந்த அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"ஏனுங்க அம்மணி, அந்த நம்பரு என்னுங்க?"

"சாய்வுங்கண்ணா. சைபர் வரோணும். வரமாட்டேங்குது."

அவர் சுண்டுவிரலால் அட்டையின் மூலையை மெல்ல அழுத்தினார். எண் தாவியது. விரலை எடுத்தார், எண் பழைய இடத்துக்கு வந்தது. மறு மூலையை அழுத்தினார். எண் எதிர்ப்பக்கம் போனது. அவர் முகத்தில் சிரிப்பு பரவியது.

"அட, தொட்டாச்சிணுங்கி மாதிரியல்ல இருக்குது! கல்லு நகரல, பொட்டி நகரல. அட்டை வளைஞ்சா சாஞ்சுபோச்சுன்னு நெனைச்சுக்குதாட்ட இருக்குதுங்க."

திருப்புளியை எடுத்து ஒரு திருகாணியைத் தளர்த்தினார். எண் சுழியை நோக்கி இறங்கத் தொடங்கியது. அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

"நாந்தானுங்களா?" என்றார்.

எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை. எல்லாவற்றையும் சற்றுத் தளர்த்திவிட்டு, தானாகச் சரியாகிவிட்டது என்று அவர் சொல்லியிருக்கலாம். நேராக அலுவலக அறைக்குப் போய்ப் பத்மாவதி அம்மாவை அழைத்து வந்தார்.

"தப்பு மேசையில இல்லீங்கம்மா. பம்ப் மூடியாட்டம் முடுக்கிப்போட்டேன்."

"நீங்களாண்ணா? உங்க முடுக்க நம்பித்தானே இந்தப் பட்டறையே ஓடுது?"

"அதானுங்க வெனை."

"அப்ப லூசா விட்டுட்டாப் போச்சு."

நான் மறுத்தேன். காற்றாலைக் கோபுரம் ஓயாமல் அதிரும். தளர்ந்த திருகாணி கழன்று விழும். இறுக்கினால் பொய், தளர்த்தினால் ஆபத்து என்ற இடத்தில் மூவரும் நின்றோம். அண்ணன் பிரித்து வைத்த காலிப் பெட்டி ஒன்றின் உட்புறத்தில் அட்டை உட்காரும் நான்கு மேடுகளையும் விரலால் தடவினார். பின், எதிரே தேநீர்க்கடையில் கிடந்த முக்காலியைக் காட்டினார்.

"மூணு காலு எந்தத் தரையிலயும் ஆடாதுங்க அம்மணி. நாலு காலுன்னாத்தான் ஒரு காலுக்கடியில காயிதத்த மடிச்சு வெக்கோணும். இந்த வார்ப்புல ஒரு மேடு தாழ்ந்துதான் இருக்கும். நாலாவதை முடுக்கி நான் அட்டையக் கீழ இழுத்துப்போட்டேன்."

கணினியோடு இணைந்திருந்த பெட்டியில் ஒரு மூலைத் திருகாணியை முழுதாகக் கழற்றினார். மற்ற மூன்றையும் முடுக்கினார். கடைசியில் கை பழக்கத்தில் இன்னொரு சுற்றுக்குப் போனது, பாதியில் நிறுத்திக்கொண்டார். திரையில் எண் சுழிக்கு வந்து நின்றது. பெட்டியைச் சோதனைத் தொட்டியில் ஓடும் பழைய பம்ப் ஒன்றின் முதுகில் கம்பியால் கட்டினோம். திங்கட்கிழமை காலையில் அவிழ்த்துப் பார்த்தபோது ஒரு திருகாணியும் அசையவில்லை, எண்ணும் மாறவில்லை.

"சரியாப்போச்சல்ல, வுடு அம்மணி" என்றார் பத்மாவதி அம்மா. முதலில் அனுப்பிய பதில் அப்படியே நிற்கிறதே என்றேன். அது பழைய கதை என்றார். அண்ணன் குறுக்கிட்டார்.

"அதுல இவங்க பேரு இருக்குதுங்கம்மா. அந்த எடத்துல எம்பேரு வரோணும்."

அம்மாவுக்கு விருப்பமில்லை. பட்டறையின் மூத்த ஃபிட்டரின் பெயரை வாடிக்கையாளரிடம் கெடுப்பதா என்று கேட்டார். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மதியச் சாப்பாட்டுக்கு முன் இரண்டாம் கடிதம் போனது. என் பெயர் நீங்கியது; முடுக்கலில் நேர்ந்த பிழை என்றும், முடுக்கியவர் மரியஅந்தோணி என்றும் அதில் இருந்தது. முதல் கடிதத்தின் மேலேயே இதன் நகலைக் குத்தி வைத்திருக்கிறேன்.

பெட்டிகளில் நான்காவது துளை இன்றும் காலியாகத்தான் போகிறது. அவ்வப்போது யாராவது தொலைபேசியில் அழைத்து, ஒரு திருகாணி விடுபட்டிருக்கிறது என்பார்கள். பத்மாவதி அம்மா தொலைபேசியை அண்ணனிடம் நீட்டிவிடுவார்.

"நாந்தானுங்க கழட்டுனேன். நீங்க தயவுசெஞ்சு போட்றாதீங்க" என்பார் அவர்.