மாமிக்குக் கேட்ட கடல்

ஸ்டுட்கார்ட்டில் நாங்கள் வாங்கிய வீட்டின் நிலக்கீழ் அறையில் சலவைத்தூள் மணத்ததும், இடிக்கப்பட்டு இன்று வாகனத் தரிப்பிடமாகிவிட்ட அகதி விடுதியின் சலவை அறைக்கு, அதன் வியர்க்கும் சுவர்களுக்கும் கொடியில் சொட்டும் குழந்தைச் சட்டைகளுக்கும் நினைவில் போய்விட்டேன். விடுதியில் கதவைச் சாத்திவிட்டுப் பேசக்கூடிய ஒரே இடம் அதுதான். ஞாயிறு பின்னேரங்களில் அப்பா கவிழ்த்த வாளியின் மேல் கசட் ரேடியோவை வைத்து, எங்களைக் கசட்டில் பேசவைப்பார். ரொறன்ரோவில் பெரியப்பா, வவுனியாவில் அப்பாவின் அக்காவான மாமி, இங்கே நாங்கள் என்று ஒரே கசட் தபாலில் சுற்றிவரும். அவரவர் தம் பழைய பேச்சின் மேல்தான் புதியதைப் பதியவேண்டும், மற்றவர் குரலை அழிக்கக்கூடாது என்பது குடும்பச் சட்டம். இயந்திரங்கள் ஓயும்வரை காத்திருப்போம். ஒருமுறை யாரோ போட்ட துணி முடியவே இல்லை. பொறுமையிழந்த அப்பா அந்த இரைச்சலிலேயே பேசி அனுப்பிவிட்டார்.

கசட் திரும்பி வந்தது. பருத்தித்துறையில் கடலோர வீட்டை விட்டு இடம்பெயர்ந்திருந்த மாமி அதில் சொன்னார்: "தம்பி, நீ கதைக்கேக்க பின்னால கடல் இரையுது. நீயாவது கடலுக்குப் பக்கத்தில இருக்கிறாய். அது காணும் எனக்கு, வேற ஒண்டும் வேண்டாம்."

எங்களுக்குக் கடல் ஒரு பகல் முழுக்கப் பயணம்.

"அது மெசின் எண்டு சொல்லுங்கோ," என்றாள் அம்மா.

"என்னால ஏலாது."

அன்று சலவை அறையில் எல்லா இயந்திரங்களும் ஓய்ந்திருந்தன. அப்பா துணியே இல்லாமல் ஒன்றை ஓடவிட்டு, தண்ணீர் நிரம்பி இரையத் தொடங்கிய பிறகுதான் பதிவுப் பொத்தானை அழுத்தினார்.