குற்ற எண் 118-இல் இருந்த வெள்ளைத்தாய்

வெள்ளைத்தாய்க்கு ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் அதை மறைக்கத் தெரியாது. ஆடு வாங்க வருகிற வியாபாரி புளுக ஆரம்பித்தால், பேச்சு முடியும் முன்னே எழுந்து வீட்டுக்குள் போய்விடுவாள். ஐம்பது வயதில் அவளை வார்டு தேர்தலில் நிற்க வைத்ததும் அந்தக் குணம்தான். மேலத்தெருவுக்குக் குழாய் போடுவதாக மெம்பர் வன்னியபெருமாள் இரண்டு தேர்தலாகச் சொல்லிவந்தார். மூன்றாவது முறையும் கைகூப்பிக்கொண்டு வந்து நின்றபோது, "போங்க, நானே நின்னுக்கிடுதேன்" என்றாள். சொன்னபடி எட்டயபுரம் ரோட்டில் பஸ் ஏறிப் போய் மனுத் தாக்கல் செய்தாள். வழக்கு உண்டா என்று கேட்ட இடத்தில் 'இல்லை' என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள்.

பத்தாம் நாள் பஸ் நிறுத்தத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. போலீஸ் முத்திரையோடு ஒரு முதல் தகவல் அறிக்கையின் மேல்பாதி. குற்ற எண் 118, வருஷம் 2016. அதன் கீழே கொட்டை எழுத்தில், 'எதிரி: வெள்ளைத்தாய். ஆயுதத்தால் தாக்கிக் காயப்படுத்திய குற்றவாளிக்கா உங்கள் ஓட்டு?' மத்தியானத்துக்குள் அது ஊரில் எல்லோருடைய போனிலும் இருந்தது.

எதிர்வீட்டு சுகுணா அன்றைக்கு மோர் வாங்க வரவில்லை. முன்பு குழாய்க்காக அவளோடு ஊர்வலம் வந்த பெண்கள் இப்போது அவளைக் கண்டதும் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு விலகிப் போனார்கள். இதெல்லாம் போதாதென்று, பட்டியில் ஆட்டை அடைத்துவிட்டு வந்த புருஷன் நந்தகோபால் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"ஏட்டி, நீ எப்பம் போயி யாரை வெட்டுன?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "முப்பது வருசமா ஒரே வீட்டுல கிடக்கோம். ஒமக்குமா சந்தேகம்?"

மறுநாள் அந்த நோட்டீஸைக் கிழித்து மடித்துக்கொண்டு கோவில்பட்டிக்குப் போனாள். மனுவுக்கு நகல் எடுத்த கம்ப்யூட்டர் சென்டரில் அப்சானா இருந்தாள். கோர்ட்டுக்கு வருகிறவர்களுக்கு வாய்தா தேதி பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகிய பெண்.

"யக்கா, ஒரு கேஸை நாலு பேரு நாலு விதமாச் சொல்லுவாங்க. நாம முழுக் காகிதத்தையும் பாப்போம்" என்றாள்.

மாவட்டம், ஸ்டேஷன், வருஷம், எண் எல்லாவற்றையும் தட்டினாள். ஸ்டேஷன் குளத்தூர்ப் பக்கம் இருந்தது. நோட்டீஸில் இருந்த அதே காகிதம்தான், ஆனால் முழுசாக வந்தது. எதிரியின் பெயருக்குப் பக்கத்திலேயே 'க/பெ. சிவனாண்டி' என்று புருஷன் பெயரும் இருந்தது. நோட்டீஸ் அடித்தவர்கள் அதைக் கச்சிதமாக நறுக்கியிருந்தார்கள்.

"நறுக்கிப்புட்டானுவளே" என்றாள் வெள்ளைத்தாய். "அது சரி, எதிரின்னா யாருக்கு எதிரி?"

"யாருக்கும் இல்லக்கா. கோர்ட்டுப் பேச்சுல, குற்றம் சாட்டப்பட்ட ஆளுக்கு எதிரின்னு பேரு. குற்றவாளின்னு அர்த்தமில்ல. இது ஒருத்தர் கொடுத்த புகாரை எழுதி வச்ச காகிதம், அம்புட்டுதான். உண்டா இல்லையான்னு தீர்ப்புதான் சொல்லும்."

தீர்ப்பையும் தேடி எடுத்தாள் அப்சானா. பெயரைப் போட்டதும் ஏழு வெள்ளைத்தாய்கள் வந்தார்கள். எண்ணைப் போட்டதும் ஒருத்திதான் மிஞ்சினாள். பதினோரு பக்கம், தமிழிலேயே இருந்தது. அச்செடுத்துக் கொடுத்ததை வெள்ளைத்தாய் எழுத்துக் கூட்டி வாசித்தாள். அந்த இன்னொருத்தி உப்பளத்தில் வேலை செய்கிறவள். பெண்கள் சேலை மாற்றுகிற தட்டிக்குள் விடியக்காலம் நுழைந்த கங்காணியை, உப்பு வாரும் பலகையால் அடித்திருக்கிறாள். அங்கே எதற்குப் போனாய் என்று குறுக்கு விசாரணையில் கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, எதிரியை விடுதலை செய்து தீர்ப்பளிக்கப்படுகிறது என்று முடிந்திருந்தது.

வெள்ளைத்தாய் காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தாள். 'அது நான் இல்லை, வேற பொம்பளை' என்று நோட்டீஸ் அடிக்கலாம் என்ற யோசனையோடுதான் வந்திருந்தாள். இப்போது அந்த வாக்கியத்தை நினைத்தாலே கூசியது. முகம் தெரியாத ஒருத்தியைச் சேற்றில் தள்ளிவிட்டு, தான் மட்டும் கரையேறுவதா?

சாயங்காலம் வன்னியபெருமாள் ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். வெள்ளைத்தாய் ஜீப்புக்கு நேரே போய் நின்றாள்.

"மெம்பரே, ஒமக்கு வாசிக்கத் தெரியுமா தெரியாதா?"

"என்ன பேச்சு இது?" என்று அவர் சிரிக்கப் பார்த்தார்.

"தெரிஞ்சிருந்தா இதை முழுசா ஒட்டியிருப்பீரு. அதுல இருக்கது சிவனாண்டி பொஞ்சாதி, நான் நந்தகோபால் பொஞ்சாதி. ஆனா ஒண்ணு, அவ என்ன செஞ்சான்னு எல்லாரும் கேளுங்க."

மைக் இல்லாமலே பதினோரு பக்கத்தையும் நின்றபடி வாசித்தாள். தட்டிக்குள் நுழைந்த கங்காணியின் பகுதி வந்ததும் பெண்கள் இன்னும் நெருங்கி வந்து நின்றார்கள். வாசித்து முடித்து நிமிர்ந்தாள்.

"நான் அவ இல்ல. அவளா இருந்தா அதைச் சொல்ல எனக்கு வெக்கமும் இல்ல. ஆனா, எவளோ ஒருத்தி பட்ட பாட்டை நறுக்கி எடுத்து ஓட்டுக் கேக்க வந்தீரே, ஒம்மகிட்ட எனக்குக் கோவங்கூட வரல."

"யாரோ கொடுத்தாங்க, நம்பிட்டேன்" என்றார் அவர்.

"அப்பம், நாளைக்கு எவனாவது ஒம்ம பேரைப் போட்டு ஒரு காகிதம் கொடுத்தா, அதையும் நம்பி ஒட்டுவீரா?"

அவர் டிரைவரைப் பார்த்தார். ஜீப் பின்னாலேயே போய்த் திரும்பியது.

இருபத்துமூன்று ஓட்டு வித்தியாசத்தில் அவள் ஜெயித்தாள். எண்ணிக்கை முடிந்து வீடு வந்தபோது வாசல் நிறையப் பெண்கள் நின்றார்கள். சுகுணா ஒரு மாலையோடு முன்னால் வந்தாள்.

"எங்களுக்கு அப்பவே தெரியும்க்கா, நீங்க அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு."

வெள்ளைத்தாய் மாலையை வாங்கிக்கொள்ளவில்லை. "என்ன தெரியும் ஒனக்கு? பத்து நாளா மோர் வாங்கக்கூட வரல. குழாய் வரும், ஒன் வீட்டுக்கும் வரும். மாலையை எடுத்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டு, குட்டி போட்டிருந்த வெள்ளாட்டுக்குத் தழை கட்டப் போனாள்.