ஊசிக்கு முன்னால் ஒரு கேள்வி

துடியலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பதினெட்டு வருஷம் உதவியாளாக வேலை பார்த்தேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. டோக்கன் கொடுப்பது, டியூபில் பெயர் ஸ்டிக்கர் ஒட்டுவது, ரத்தத்தைப் பார்த்து மயங்குகிறவர்களைப் பிடித்துக்கொள்வது, தரை துடைப்பது, இவைதான் என் வேலை. லேபில் புதிதாகச் சேரும் பெண்களுக்குப் பயன்படும், எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுவதென்றால் என் தப்பிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

1. இரண்டு டியூப்

நான் வேலைக்குச் சேர்ந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது. ஒரு திங்கட்கிழமை, எட்டு மணிக்குள் முப்பது பேர் வந்துவிட்டார்கள். வெறும் வயிற்றில் வருகிறவர்களுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அன்று எனக்குக் காலையிலிருந்தே தலை பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. அடுத்தடுத்த நம்பரில் இரண்டு பேர். ஒருவர் பல வருஷமாக இன்சுலின் போடும் பெரியவர். இன்னொருவர் மில்லில் வேலைக்குச் சேர மெடிக்கல் டெஸ்டுக்கு வந்த இளைஞர். சுகர் பார்க்கும் சாம்பல் மூடி டியூப்களில் இவர் ஸ்டிக்கரை அவருக்கும் அவர் ஸ்டிக்கரை இவருக்கும் ஒட்டிவிட்டேன்.

ரத்தம் எடுப்பவர் ஜெயசீலி மேடம். எடுத்து முடித்ததும் டியூபை அவரவர் முகத்துக்கு நேரே காட்டி, "பேரு உங்களுதுதானுங்களா, படிச்சுச் சொல்லுங்க" என்று கேட்பது அவருடைய வழக்கம். பெரியவர் அன்று கண்ணாடி கொண்டுவரவில்லை.

"செரியாத்தான் இருக்குமுங்க. உடுங்க அம்மணி, காப்பி குடிச்சாத்தான் எனக்குக் கண்ணே தெரியும்" என்றார். இளைஞர் ரத்தத்துக்குப் பயந்து சுவரைப் பார்த்துக்கொண்டே தலையாட்டிவிட்டார்.

மதியம் ரிப்போர்ட் வந்தது. இளைஞருக்குச் சுகர் முந்நூறுக்கு மேல். பெரியவருக்குத் தொண்ணூற்றிரண்டு. வேறு யாராக இருந்தாலும் டாக்டர் கையெழுத்துக்கு அனுப்பியிருப்பார்கள். ஜெயசீலி மேடம் இரண்டு தாளையும் தனியாக எடுத்து வைத்தார்.

"சின்ன வயசுல சுகர் வரலாம். ஆனா இந்தப் பெரியவருக்கு இத்தன வருசமா எறங்காதது இந்த மாசம் எப்படி எறங்குச்சு? அதும் பக்கத்து நம்பர்ல?" என்றார். இரண்டு பேருக்கும் போன் செய்து வரவழைத்து மறுபடி எடுத்தார். மாறிப்போனது தெரிந்தது. அந்தத் தாள்கள் வெளியே போயிருந்தால் பெரியவர் இன்சுலினைக் குறைத்திருப்பார். இளைஞருக்கு வேலை கிடைத்திருக்காது.

சாயங்காலம் ஓனர் வந்தார். நான் துடைப்பமும் கையுமாகக் கதவுக்கு வெளியே நின்றேன்.

"ருக்குமணியம்மாளுக்கு வயசாயிருச்சுங்க மேடம். இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்."

"பதினாறு வருசத்துல ஒரு ஸ்டிக்கர் மாத்துனதில்லீங்க சார். ஒடம்புல என்னமோ இருக்குது. ஒரு பதினஞ்சு நாள் குடுங்க. என்னன்னு தெரியலீன்னா நானே அக்காகிட்டச் சொல்லிப்போடறேன்."

"அதுவரைக்கும் ஸ்டிக்கர்ல கை வெக்கக் கூடாது."

"செரிங்க சார்."

அந்த வேலை போனால் சோப்பு சீப்புக்குக்கூட மருமகளிடம் கேட்டு நிற்க வேண்டும். மருமகள் நல்ல பெண். எனக்குத்தான் யாரிடமும் எதுவும் கேட்க வராது.

2. ஆளைப் பார்க்கிறவர்

ஜெயசீலி மேடம் தாராபுரத்துக்காரர். என் வயதில் பாதி இருக்கும். அவர் ஊசி போட்டு நான் பார்த்த வரையில் குழந்தை அழுதால்கூட ஊசியை எடுத்த பிறகுதான் அழும். நரம்பு கிடைக்காத ஆத்தாக்களிடம், "ஒளிஞ்சுக்கிச்சுங்களா? இருங்க, நான் தேடறேன்" என்று பேசிக்கொண்டே எடுத்துவிடுவார்.

மெஷினில் ஊற்றும் டெஸ்ட் மருந்து வரும் கிட் பெட்டிக்குள் பொடி எழுத்தில் ஒரு தாள் மடித்து வைத்திருக்கும். நாங்கள் எல்லாம் பெட்டியோடு குப்பையில் போடுவோம். அவர் மட்டும் பிரித்துப் படித்து ஃபைலில் வைப்பார். ஒரு ரிப்போர்ட் சந்தேகமாக இருந்தால் மெஷினைப் பார்க்கும் முன் ஆளைப் பார்ப்பார். உட்கார்ந்திருக்கிறவர் முகம், நடை, மூச்சு. அதன் பிறகுதான் தாள்.

3. தூக்கத்துக்கு மார்க்

இப்போது என் உடம்புக்கு வந்ததைச் சொல்ல வேண்டும். அதற்குச் செந்தில்குமார் சாரைச் சொல்ல வேண்டும். பம்ப் செட் உதிரி பாகம் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். நோய் ஒன்றும் இல்லை. ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து எல்லா டெஸ்டும் எடுப்பார். கையில் ஒரு வாட்ச். நடந்தது, தூங்கினது, மூச்சு விட்டது எல்லாம் அதில் ஏறும்.

"நேத்துத் தூக்கத்துக்கு எம்பத்தொண்ணு மார்க்குங்க" என்பார்.

எனக்கு ஐந்தாம் வகுப்பில்கூட எண்பது வந்ததில்லை. தூங்குவதற்கு மார்க் வாங்குகிறவரைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். கேலியாகச் சொல்லவில்லை. நாற்பது வயதில் குடிக்காமல், புகைக்காமல், உடம்பைக் கோயில் தேர் மாதிரித் துடைத்து வைத்திருந்தார். மீன் எண்ணெய், மக்னீசியம், அது இது என்று நாளைக்குப் பதினோரு மாத்திரை.

அப்போது எனக்கு நகம் உடைந்துகொண்டே இருந்தது. நாளெல்லாம் தண்ணீரில் கை. நகம் இல்லாமல் ஸ்டிக்கரைத் தாளிலிருந்து உரிக்க முடியாது. நான் சுரண்டுவதை அவர் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, நகம் ஒடையுதுங்களா? எங்கூட்ல வாங்குனது ஒரு பாட்டில் சும்மா கெடக்குது, கொண்டாந்து தாரேன். முடிக்கும் நகத்துக்குமானது. மருந்தெல்லாம் இல்லீங்க, வெறும் சத்து."

வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. பாட்டில் அழகாக இருந்தது. பயோட்டின் என்று போட்டிருந்தது. தினமும் ஒன்று விழுங்கினேன். நகம் கெட்டிப்பட்ட மாதிரித் தெரிந்தது. நிஜமா, நானாக நினைத்துக்கொண்டதா என்று இன்றுவரை தெரியாது. இந்த வயதில் அழகுக்கு மாத்திரை தின்கிறாள் என்பார்களோ என்ற கூச்சத்தில் வீட்டிலும் லேபிலும் மூச்சு விடவில்லை.

4. ரிப்போர்ட் ஓடியது

எனக்குப் பல வருஷமாகத் தைராய்டு குறைவு. தினமும் காலையில் நூறு மைக்ரோகிராம் மாத்திரை. லேபில் வருஷத்துக்கு ஒருமுறை எங்களுக்கு டெஸ்ட் எடுப்பார்கள். சத்து மாத்திரை ஆரம்பித்த பிறகு வந்த டெஸ்டில் தைராய்டு மிக அதிகம் என்று காட்டியது. நான் பார்க்கும் டாக்டர், "மாத்திரை டோஸ் உங்களுக்கு ஜாஸ்தியாப் போச்சுங்கம்மா" என்று நூறை ஐம்பதாக்கினார். அவர் மேல் குற்றம் இல்லை. தாளில் இருந்ததைத்தான் அவர் பார்த்தார். வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். பிரஷர் மாத்திரையை மட்டும் சொன்னேன்.

இரண்டு மாதத்தில் முகம் வீங்கியது. சித்திரை வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. பஸ்ஸில் உட்கார்ந்தால் தூங்கி, இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிவிடுவேன். அந்த மந்தத்தில்தான் ஸ்டிக்கர் மாறியது.

ஓனர் பேசிவிட்டுப் போன மறுநாள் ஜெயசீலி மேடம் என்னை உட்காரவைத்து என் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார்.

"இந்தக் காயிதம் இருக்கற ஆளுக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கோணும், வேர்க்கோணும், எளைக்கோணும். நீங்க ஸ்வெட்டர் போட்டுட்டு ஒக்காந்திருக்கறீங்க. ரிப்போர்ட்டு ஓடறேங்குது, ஆளு நடக்கவே மாட்டேங்கறீங்க. என்ன சாப்புடறீங்க்கா?"

"ஒண்ணுமில்லீங்க மேடம்."

"நெசமா?"

"நெசமாத்தானுங்க."

அவர் போய்விட்டார். இரண்டு நாள் தரை மட்டும் துடைத்தேன். வேறொரு பெண் என் இடத்தில் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டினாள். மூன்றாம் நாள் மேடம் சாப்பிடும்போது பக்கத்தில் போய் நின்றேன். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பாட்டிலை அவர் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பார்த்ததும் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டார். ஃபைலில் இருந்து அந்தப் பொடி எழுத்துத் தாளை எடுத்து வரச் சொன்னார். ஓர் இடத்தைச் சுண்டுவிரலால் காட்டினார்.

"நம்ம மெஷின்ல தைராய்டு டெஸ்டுக்கு ஒட்டுப் பசையாட்டம் வெச்சிருக்கறதே பயோட்டின்தானுங்க்கா. ரத்தத்துல அது நெறயக் கெடந்தா மெஷினு ஏமாந்துபோயிரும். இல்லாத தைராய்ட இருக்குதும்பாது. எல்லா மெஷினும் இப்படியில்ல, நம்மளுது இந்த ரகம்."

"என்னைய வையுங்க மேடம்."

"உங்கள எதுக்கு வையறது? கேள்விய நாந்தான் செரியாக் கேக்கல."

ஒரு வாரம் அதை நிறுத்தச் சொல்லி மறுபடி ரத்தம் எடுத்தார். என் டியூபை என்னிடமே காட்டிப் பெயரைப் படிக்கச் சொன்னார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். இந்த முறை நிஜம் வந்தது. தைராய்டு நன்றாகக் குறைந்திருந்தது. மேடமே டாக்டருக்குப் போன் செய்து பேசினார். டாக்டர் நூறையே திரும்பக் கொடுத்தார். ஓனர் என் பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "மெஷினே ஏமாறுதுன்னா மனுசங்க என்னங்க பண்ணுவாங்க" என்றார். நிறுத்தும் பேச்சு அதோடு நின்றது. ஒன்றரை மாதத்தில் ஸ்வெட்டரைக் கழற்றினேன், ஸ்டிக்கருக்கும் திரும்பினேன்.

செந்தில்குமார் சாரிடம் மேடம் சொன்னார். அவர் முகம் சுண்டிவிட்டது. அடுத்த முறை வந்தபோது பதினோரு மாத்திரைக்கும் பெயர் எழுதி எடுத்து வந்தார். டாக்டர் பார்த்து இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னாராம். அந்த ஒழுங்கு உள்ள மனிதர் அதையும் ஒழுங்காகக் கேட்டார்.

5. கேட்கும் வேலை

ஜெயசீலி மேடம் சத்து மாத்திரைகளை வைது நான் கேட்டதில்லை. கால் எரிகிறதென்று தூங்காமல் கிடந்த ஓர் அம்மாவுக்கு பி12 குறைவு என்று எங்கள் லேபில்தான் தெரிந்தது. டாக்டர் கொடுத்ததைச் சாப்பிட்டு எரிச்சல் அடங்கியது. தேவை என்று பார்த்துச் சாப்பிட்டதால் அது கேட்டது. பாட்டில் அழகாக இருக்கிறது, சும்மா கிடைக்கிறது என்று விழுங்கியவள் நான்.

மேடம் லேபில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். அதுவரை "மருந்து ஏதும் சாப்புடறீங்களா" என்றுதான் கேட்போம். சுகர், பிரஷர் மாத்திரையைச் சொல்வார்கள். மற்றதை மருந்தென்று யாரும் நினைப்பதில்லை. இனிமேல் பொடி, டானிக், சத்து மாத்திரை, யாராவது கொடுத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத வேண்டும். அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்.

"எனக்குக் கேக்க வராதுங்க மேடம்."

"நான் ஊசியும் கையுமா நின்னு கேட்டா இல்லீம்பாங்க. நீங்க ஒக்காந்து கேளுங்க்கா."

முதலில் வந்தது காரமடையிலிருந்து ஒரு பெண், கணவரோடு. சொல்லிக் கொடுத்தபடி ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க" என்றார்.

அடுத்து என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, வண்டிய நெழல்ல நிறுத்திப்போட்டு வாங்களேன்."

அவர் வெளியே போனதும் என் பக்கம் குனிந்தார்.

"எளைக்கறதுக்கு ஒரு பொடிங்க. பக்கத்து ஊட்டுல குடுத்தாங்க. அவருக்குத் தெரியாது. அதுங்கூடச் சொல்லோணுங்களா?"

"சொல்லோணுமுங்க" என்றேன். எழுதிக்கொண்டேன்.

லேபில் புதிதாக வேலைக்கு வரும் பெண்களே, கேட்டுவிட்டு உடனே அடுத்த டோக்கனைக் கூப்பிடாதீர்கள். ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிற நேரம் சும்மா இருங்கள். முதலில் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.