கண்மாய்க்கரையில் ஒரு ஜெர்மன் ஞாயிறு

என் மாமா எங்கள் ஊர் பரளச்சியில் ஜெர்மனியை நடத்திக் காட்டியது மொத்தம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். முதல் இரண்டிலும் தெளிவாகத் தோற்றார். மூன்றாவது ஞாயிறன்று நடந்ததை என்னவென்று சொல்வது என ஊரில் இன்னும் யாருக்கும் தெரியவில்லை.

மாமா என்றால் அம்மாவுடன் பிறந்தவர். எனக்கு நான்கு வயதாகும்போது அம்மா இறந்துவிட்டாள். அப்பா போர்வெல் லாரியில் வேலை பார்த்துக்கொண்டு ஆந்திரா, கர்நாடகா என்று போய்க்கொண்டிருந்தார். அதனால் நான் மாமா வீட்டில் வளர்ந்தேன். மாமா வீடு என்று பேரே தவிர அங்கே இருந்தது அத்தையும் நானும்தான். மாமா நர்சிங் படித்தவர். முதலில் சவூதி, பிறகு ஜெர்மனி. அங்கே ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை. கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர் வீட்டில் இருந்த நாட்களைச் சேர்த்துப் பார்த்தால் ஆறு மாதம் தேறாது.

அந்த வருடம் ஆனி மாதம் அவர் லீவில் வந்தபோது அத்தைக்கும் விசா வந்திருந்தது. டிக்கெட் மட்டும்தான் போடவில்லை. ஒன்றா இரண்டா என்பது அத்தை வாயிலிருந்து வர வேண்டும். அவள் போனால் நான் நரிக்குடியில் ஒரு விடுதிக்குப் போக வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. விடுதியில் வாரத்துக்கு இரண்டு நாள் முட்டை போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

அத்தைக்குத்தான் மனம் வரவில்லை. இத்தனைக்கும் மதுரைக்கு பஸ் ஏறிப் போய் நான்கு மாதம் ஜெர்மன் மொழி படித்துப் பரீட்சையிலும் தேறியிருந்தாள். பரீட்சை என்று ஒன்று வைத்தால் அவளால் தேறாமல் இருக்க முடியாது, அவ்வளவுதான். போவது வேறு. குளிருக்கெல்லாம் அவள் பயப்படவில்லை. அமைதிக்குப் பயந்தாள். அருப்புக்கோட்டையில் விசைத்தறிகள் ஓடும் தெருவில் பிறந்தவள் அவள். கரண்டு போய்த் தறி நின்றால் தொட்டிலில் கிடக்கும் பிள்ளை விழித்து அழும் என்பாள். பரளச்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் ராத்திரி தூக்கம் வராமல் மிக்சியை ஓடவிட்டுப் படுத்தாளாம். மாமா செல்போனில் காட்டிய படங்களையெல்லாம் நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டு அவள் கேட்ட கேள்வி இதுதான்:

“வீடு இருக்கு, மரம் இருக்கு, ரோடு இருக்கு. சனத்தை எங்க கொண்டுபோயி வச்சிருக்காக?”

“அது ஞாயித்துக்கெழமை எடுத்தது புள்ள. அன்னைக்குக் கடை கிடையாது, வேலை கிடையாது. ஊரே நிம்மதியா இருக்கும்.”

“ஆளு இருந்தாத்தான நிம்மதியா இருக்கும்?”

மாமா தினமும் ஒரு சுகத்தை எடுத்து வைப்பார். குழாயில் வரும் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். ரொட்டிக்கடையில் நாற்பது வகை ரொட்டி, கேட்டால் நறுக்கிக் கொடுப்பார்கள். காலிப் பாட்டிலைக் கடையில் இருக்கும் ஒரு மெஷினுக்குள் விட்டால் காசு திரும்ப வரும். இந்தக் கடைசி விஷயம் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. தெருவில் கிடந்த பாட்டில்களைப் பொறுக்கி ஒரு சாக்கு நிறையக் கட்டி, மாமா போகும்போது கொடுத்துவிடலாம் என்று கொல்லையில் வைத்தேன். டீக்கடையில் அவர் பஸ்ஸைப் பற்றிச் சொன்னார். ஏழு பன்னிரண்டுக்கு என்று போட்டிருந்தால் ஏழு பன்னிரண்டுக்கு வந்து நிற்கும்.

“ஏழு பதிமூணுக்குப் போனா?” என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

“போயிருக்கும்.”

“தெரிஞ்ச ஆளு ஓடியாந்தாலும் நிப்பாட்ட மாட்டானா?”

“மாட்டான்.”

“பெறகு என்னய்யா ஊரு அது?”

சொல்லிப் புரிய வைக்க முடியாது என்று தெரிந்ததும் மாமா வாழ்ந்தே காட்டுவது என்று இறங்கினார். முதல் ஞாயிறு அமைதி. அங்கே அன்றைக்கு ஆணி அடிக்கக்கூடாது, மெஷின் ஓட்டக்கூடாது, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ஒன்றும் செய்யக்கூடாதாம். காலையிலேயே டிவி வயரைப் பிடுங்கினார். மிக்சியை எடுத்துப் பரணில் வைத்தார். நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, “இப்பிடித்தான்” என்றார். பத்து மணிக்குக் காதுகுத்து வீட்டில் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டார்கள். பதினொன்றுக்குக் கரி லோடு ஏற்ற வந்த லாரி ரிவர்ஸ் எடுக்க முடியாமல் எங்கள் தெருவிலேயே அரை மணி நேரம் ஹாரன் அடித்தது. அத்தை வாசல்படியில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டாள்.

“உங்க ஜெர்மனி நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

இரண்டாவது ஞாயிறு, நாலு மணிக் காப்பியும் கேக்கும். அருப்புக்கோட்டையிலிருந்து மாமா கேக் வாங்கி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். வந்து திறந்தால் மேலே இருந்த கிரீம் எல்லாம் மூடியில் ஒட்டியிருந்தது. அதை வழித்து நான் தின்றேன். அதற்குள் எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “யாருக்குப் பொறந்தநாளு?” என்றாள்.

“யாருக்கும் இல்லக்கா. ஞாயித்துக்கெழமை, அதான்.”

“ஞாயித்துக்கெழமைக்குப் பொறந்தநாளா?” என்றவள், போன வேகத்தில் நான்கு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் கை தட்டிப் பிறந்தநாள் பாட்டுப் பாடின. கேக்கை யார் வெட்டுவது என்று குழப்பம் வந்து, கடைசியில் என்னை வெட்டச் சொன்னார்கள். ராத்திரிக்கு அங்கே அடுப்புப் பற்ற வைக்க மாட்டார்கள், வெறும் ரொட்டியைத்தான் சாப்பிடுவார்கள் என்று மாமா ரொட்டித் துண்டுகளைத் தட்டில் அடுக்கினார். அத்தை மத்தியான மொச்சைக் குழம்பைச் சுட வைத்து எல்லாவற்றின் மேலும் ஊற்றினாள். மாமா இரண்டாம் தடவையும் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மூன்றாவது ஞாயிறு வந்தது. மறுநாள் டிக்கெட் போட்டாக வேண்டும். மாமாவிடம் மிச்சமிருந்த சுகம் ஒன்றுதான்.

“சாயங்காலம் எல்லாரும் நடப்பாக. காட்டுக்குள்ள பாதை இருக்கும், ஆத்தோரமாப் பாதை இருக்கும்.”

“எங்க போவாக?”

“எங்கயும் போகமாட்டாக. நடந்துட்டு வீட்டுக்குத் திரும்பி வந்துருவாக.”

“சோலி இல்லாமயா?”

“சோலி இல்லாமத்தான். அதுதான் சொகமே.”

அத்தை என்னைப் பார்த்தாள். “ஏய்யா, உங்க மாமாவுக்கு ஒடம்புக்கு எதும் சரியில்லையா?” என்றாள். ஆனாலும் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். கடைசி நாள், அதையும் பார்த்துவிடுவோம் என்று நினைத்திருக்கலாம்.

காட்டுக்குப் பதிலாகக் கண்மாய்க்கரை. கண்மாயில் தண்ணீர் இல்லை, உள்ளே முழுக்கச் சீமைக்கருவேல். தள்ளி ஓர் இடத்தில், அதை வெட்டிக் கரியாக்கும் கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் புருசன் பொண்டாட்டி ரோட்டில் போனால் புருசன் முன்னால் போவார், பொண்டாட்டி பத்தடி பின்னால் வருவாள். யாரும் சட்டம் போட்டதில்லை. கல்யாண வீட்டுக்கும் அப்படித்தான், ஆஸ்பத்திரிக்கும் அப்படித்தான். மாமாவும் பழக்கத்தில் முன்னால் போய்விட்டார். பிறகு ஞாபகம் வந்து நின்றார். அவர் நின்றதும் அத்தையும் நின்றாள்.

“பக்கத்துல வா புள்ள. அங்க சேந்துதான் நடப்பாக.”

“நீங்க நடங்க, வாரேன்.”

அவர் நடந்தால் இவள் நடப்பாள். அவர் நின்றால் இவள் நிற்பாள். பத்தடி பத்தடியாகவே இருந்தது. நான் கண்டக்டர் மாதிரி இரண்டு பேருக்கும் நடுவில் போய்ப் போய் வந்தேன்.

முதலில் ஒருவர் பைக்கை நிறுத்தினார். மாமாவோடு படித்தவர். “என்ன மாப்ள, பஸ்ஸு போயிருச்சா? ஏறுங்க, ஒவ்வொருத்தரா விட்டுர்றேன்.”

“இல்ல மாப்ள, சும்மா நடக்கோம்.”

“எங்கிட்டு?”

“சும்மாதான்.”

அவர் பைக்கை அணைத்தார். அத்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “வீட்டுல எதும் சண்டையா?” என்றார். இல்லை என்றதும் நம்பாமல் போனார்.

கரையில் முள் கிடந்ததால் மூவரும் குனிந்து தரையைப் பார்த்து மெதுவாகத்தான் நடந்தோம். அதுதான் வினையாகிப்போனது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்தாள்.

“ஏ தாயி, என்னத்தப் போட்டுட்ட?”

ஒரு சோலியும் இல்லாமல் நடக்கிறோம் என்று ஆடு மேய்க்கிறவளிடம் எப்படிச் சொல்வது? அத்தை தலையைக் குனிந்து, முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள்.

“செயினா? ஆத்தாடி!” என்று நெஞ்சில் கை வைத்த பெரியம்மா, கண்மாய்க்குள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்களைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். “ஏலே, மட்டையைப் போட்டுட்டு வாங்கலே! வெளிநாட்டுக்காரரு பொண்டாட்டி செயினு விழுந்துருச்சு!”

கால்மணி நேரத்தில் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். கரிமூட்டத்தில் வேலை செய்தவர்கள் கரிக்கையோடு வந்தார்கள். பைக்குக்காரர் திரும்பி வந்து, “நான்தான் அப்பவே நெனச்சேனே” என்று சொல்லி இடம் பிரித்துக் கொடுத்தார். மடையிலிருந்து புளியமரம் வரைக்கும் ஒரு கூட்டம், அங்கேயிருந்து மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கு வரைக்கும் இன்னொன்று. மாமா, “எதும் தொலையலங்க, சும்மா நடந்தோம்” என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார்.

“தொலைச்சவன் அப்பிடித்தான்யா சொல்லுவான், சனம் ஏசும்னு” என்றாள் பெரியம்மா குனிந்தபடியே. “நீரு தள்ளி நில்லும். காலுல மிதிச்சிராதீரு.”

நானும் தேடினேன். மாமா பொய் சொல்கிறார் என்று நானும் நம்பிவிட்டேன். ஒரு முறை முதுகு வலித்து நிமிர்ந்தேன். கரை நெடுகக் குனிந்த முதுகுகள். ஒரு முகம்கூடத் தெரியவில்லை. அத்தையும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, மாமா நின்ற இடத்துக்கு விறுவிறு என்று நடந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள். இருவரும் சேர்ந்து நடக்க ஆரம்பித்தார்கள்.

கலுங்கு தாண்டி, கரை வளைகிற இடம் வரைக்கும் போனார்கள். எனக்குச் சின்னதாகத் தெரிந்தார்கள். மாமா கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே போனார். பிறகு அவர் கை ஆடவில்லை. ஓர் இடத்தில் அத்தை நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் நடந்தார்கள். திரும்பி வரும்போது பொழுது மேற்கே இறங்கியிருந்தது. ஏதோ சொல்லி அத்தை சிரித்துக்கொண்டு வந்தாள், முகத்தை முந்தானையால் துடைத்தபடி.

முந்தானை விலகியதில் பெரியம்மா பார்த்துவிட்டாள்.

“அடியேய்! கழுத்துலயே கெடக்கேடி செயினு! பெறகு என்னத்தடி நாங்க இம்புட்டு நேரம் தேடுனோம்?”

“தேடச் சொன்னோமா பெரியம்மா? நடக்கத்தான வந்தோம்.”

முதுகைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் நிமிர்ந்தார்கள். பைக்குக்காரர், “அப்ப நெசமாவே சும்மாதான் நடந்தீகளா?” என்றார். அத்தை, “ஆமாண்ணே. நல்லாருந்துச்சு” என்றாள். முதலில் பெரியம்மாதான் சிரித்தாள். பிறகு கரையே சிரித்தது. என் காலில் மூன்று முள் ஏறியிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

கரை இறங்கும் வரைக்கும் அவர்கள் சேர்ந்தே நடந்தார்கள். தெருமுனை வந்ததும் அத்தை பத்தடி பின்தங்கிக்கொண்டாள். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போது, “ரெண்டாவே போட்டுருங்க” என்றாள். மாமா செம்பு நிறையத் தண்ணீர் குடித்தார். பாதி சட்டையில்தான் போனது.

ஊர்க்காரர்கள் ஒரு மனுசியை நிம்மதியாக நடக்க விடாமல் துரத்திவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அந்தப் பெரியம்மாவின் ஆடுகளைப் பார்க்கும்போதெல்லாம் கல்லெடுத்தேன்.

மறுநாள் மாமா டிக்கெட் போடப் போயிருந்தார். அத்தை என் துணிகளை விடுதிக்காக ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கரையில் மாமா என்ன சொன்னார் என்று கேட்டேன். அவள் என் டிரவுசரை மடித்து வைத்துவிட்டு, மறுபடியும் பிரித்து மடித்தாள்.

“ஞாயித்துக்கெழமையானா அவுக அங்க தனியாத்தான் நடக்காகளாம். கேக்கு வாங்குனாலும் தனியா உக்காந்துதான் திங்காகளாம்யா.”

நான் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவ்வளவுதான் போலிருந்தது. இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. நான்கூடத்தான் தினமும் பள்ளிக்கூடத்துக்குத் தனியாக நடக்கிறேன். ஒரு முழுக் கேக்கு, பங்கு கேட்க ஆளில்லை என்றால் அதைவிட நல்ல ஊர் எங்கே இருக்கிறது?