கொல்லிமலை இறக்கத்தில் வண்டி ஓட்டியவன்

1976இல் கொல்லிமலை இறக்கத்தில் புல்லட்டை ஓட்டியவன் நான். எழுபது வயதைக் கடந்துவிட்டேன். இதை மழுப்பி எழுதிப் பயனில்லை. பெட்ரோல் மிச்சமாகுமென்று, அந்நாளில் பலரும் செய்ததுபோல், எஞ்சினை அணைத்து உருட்டிவந்தேன். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய், ஒரு வளைவில் விழுந்தோம். பின்னால் இருந்த நண்பன் பழனிச்சாமிக்குக் கால் முறிந்தது. வண்டி என் மைத்துனருடையது. எனக்குக் கல்யாணமாகி மூன்றே மாதம். ஓட்டியது பழனிச்சாமி என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஓட்டக் கற்றுத் தந்ததே அவன்தான். அவன் மறுக்கவில்லை. அதன்பின் அவன் வீட்டில் அவனை எந்த வண்டியையும் தொடவிடவில்லை.

1984 தை மாதம் அதே மலைக்கு அவனை அழைத்தேன்.

முதல் நாள் காலை ஆறரை மணி, எடப்பாடி. அவன் மனைவி சரசு வாசலுக்கு வந்தாள்.

“ஏனுங்ண்ணா, வண்டிய மட்டும் அவருகிட்டக் குடுத்துறாதீங்க. போன தடவ ஒடச்சது போதும்.”

புறப்படுமுன் உண்மையைச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். ஆனால் கிக்கரைத்தான் உதைத்தேன். சங்ககிரி, திருச்செங்கோடு வழியாக மரவள்ளிக் காடுகளைக் கடந்து நாமக்கல்லில் தங்கினோம்.

இரண்டாம் நாள் சேந்தமங்கலம் தாண்டிக் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. வந்த சாலை கீழே நூலிழையாகக் கிடந்தது. ஒரு வளைவில் நிறுத்தினேன்.

“இங்கதான்டா.”

“நீ சொல்லோணுமா? எங்காலுக்கே தெரியும்,” என்று சிரித்தான்.

செம்மேட்டில் மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே தங்கினோம். மூன்றாம் நாள் காலை சாவியை அவனிடம் நீட்டினேன்.

“சரசு கொன்னுபோடுவாடா.”

“அவகிட்ட நான் பேசிக்கறேன்.”

முதல் இரண்டு வளைவுகளில் தடுமாறினான். பிறகு, இரண்டாவது கியரில் எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்க, எழுபதையும் இறக்கினான். அவன் சட்டையைப் பிடித்தபடி நான் பின்னால் இருந்தேன்.

மாலை நான்கு மணிக்கு எடப்பாடி. அவன் ஓட்டிவருவதைக் கண்டு சரசு கத்தத் தொடங்குமுன் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கணவனிடம் திரும்பினாள்.

“ஏனுங்க, எட்டு வருசமா ஏஞ் சொல்லல?”

“ஓட்டத் தெரியாதவம் பின்னால உக்காந்து போனேன்னு சொல்றதுக்கு, நானே உழுந்தேன்னு இருக்கறது கௌரவமில்லியா?”

அவள் சிரிக்கவில்லை. எனக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை. மறுநாள் மைத்துனரிடமும் சொன்னேன். இரண்டு ஆண்டு அவர் என்னோடு பேசவில்லை. ஆனாலும் அன்று முதல் நன்றாகத் தூங்கினேன்.

அதே ஆண்டு ஆனி மாதம் பழனிச்சாமி மொபெட் வாங்கினான். ஆட்டையாம்பட்டியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, பின்னால் சரசு இருந்தாள்.

“இவரு எறக்கத்துல எஞ்சின நிறுத்தறதில்லீங்ண்ணா,” என்று சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.