தொப்பூர் இறக்கத்தில் எங்கள் டிரெய்லர்

எங்கள் அக்கா கன்னியர் மடத்தில் சேரப் போன அன்று, ஜீப்புக்குப் பின்னால் மாட்டியிருந்த டிரெய்லர் காரிமங்கலத்தைத் தாண்டியதுமே வாலை ஆட்டத் தொடங்கிவிட்டது. நான் ஜீப்பின் பின்பலகையில் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது எட்டு வயது. ஓர் இடத்தில் உட்காரத் தெரியாதவள் என்று வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் சேர்த்துப் பெயர் வாங்கியிருந்தேன். என்னைவிட நிலைகொள்ளாத ஒன்றை அன்றுதான் பார்த்தேன்.

சேலத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் எனக்கு அக்காவைவிட அதிகம். மடத்து சிஸ்டர்கள் வருகிறவர்களுக்குக் கேக் தருவார்கள் என்று மாமா சொல்லியிருந்தார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். எங்கள் பங்குக் கோயிலில் ஜெபமும் ஞானோபதேசமும் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். மடத்தில் பேசி அக்காவுக்கு இடம் வாங்கியவர் அவர்தான். சாயங்கால ஜெபத்துக்குள் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும், அன்றைக்குச் சேராதவர்கள் அடுத்த வருடம்தான் வர முடியும் என்று மடத்துத் தலைவி மதர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதாக வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். சொல்லி முடித்ததும் கடிகாரத்தைப் பார்ப்பார். பிறகு மறுபடியும் சொல்வார்.

அப்பாவுக்கு அந்த ஜீப்பும் டிரெய்லரும்தான் பிழைப்பு. சந்தை நாளில் புளி, தக்காளி, மாங்காய் என்று வியாபாரிகளின் சரக்கை ஏற்றிப் போவார். டிரெய்லருக்கு இரண்டே சக்கரம். பாரம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் வால் ஆடும், ஆடுகிற வால் ஜீப்பையே இழுத்துத் திருப்பிவிடும். அதற்காக எல்லாவற்றையும் முன்னால் தள்ளினால் ஜீப்பின் பின்பக்கம் அமுங்கி, முன் சக்கரம் தரையில் சரியாகப் பதியாமல் ஸ்டியரிங் சும்மா சுற்றும். இரண்டுக்கும் சேர்த்து அப்பா ஒரு வழி செய்திருந்தார். தருமபுரியில் ஒரு பட்டறையில் சொல்லி, பழைய லாரி ஸ்பிரிங் பட்டைகள் இரண்டைக் கொக்கியின் இரு பக்கமும் பொருத்தி, அவற்றின் நுனியைச் சங்கிலியால் டிரெய்லரின் சட்டத்தோடு இழுத்துக் கட்டும்படி ஆக்கினார். சங்கிலி விறைப்பாக இருந்தால் பாரம் ஜீப்பின் முன் சக்கரம் வரைக்கும் பரவும், ஆட்டமும் அடங்கும். வந்தவர் போனவருக்கெல்லாம் இதை விளக்கிச் சொல்வார். அவரைக் கேட்காமல் ஒரு தக்காளிக் கூடையை நகர்த்திவிட்டால் வியாபாரி என்றும் பார்க்காமல் பிடிபிடியென்று பிடித்துவிடுவார். சங்கிலியைத் தொட அக்காவுக்கு மட்டும்தான் அனுமதி. பத்தாவது முடித்து வீட்டில் இருந்த காலமெல்லாம் அவருக்கு வலது கையாக இருந்தவள் அவள்தான். எனக்கு அதில் பொறாமை உண்டு.

மடத்துக்குப் போகிறேன் என்று அக்கா தானாகத்தான் சொன்னாள். யாரும் தூண்டவில்லை. அம்மா அழுதாள்; அழுது முடித்த கையோடு ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அப்பா "சரி" என்றார். அதற்குமேல் அவர் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சாப்பிட்டார், சந்தைக்குப் போனார், வந்தார். வருத்தப்படுகிறவர்கள் அம்மாவைப் போல மூக்கைச் சிந்துவார்கள் என்பது என் எண்ணம். ஆகவே அப்பாவுக்கு வருத்தமே இல்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

புறப்படுகிற அன்று காலையில் ஊர்ப் பெண்கள் வந்து அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். அப்பா தனியாகவே பாரம் ஏற்றினார். மடத்துக்கென்று ஊரார் கொடுத்த அரிசி மூட்டைகள், கடலைக்காய் மூட்டை, புளிக்கூடை, அக்காவின் தகரப் பெட்டி, மெத்தை. யாரோ நேர்ந்துகொண்டு கொடுத்த சேவல் ஒன்றும் கால் கட்டப்பட்டுக் கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேலே தார்ப்பாயைப் போட்டுக் கட்டினார். வழக்கமாக டிரெய்லரின் மூக்கை இரண்டு கையாலும் மூச்சுப் பிடித்துத் தூக்கித்தான் கொக்கியில் மாட்டுவார். அன்று ஒற்றைக் கையால் மாட்டினார். அப்பாவுக்குப் பலம் கூடிவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

வழியில் வண்டி கொஞ்சம் வேகம் எடுத்தால் டிரெய்லர் இடமும் வலமும் அடித்துக்கொண்டு ஆடும். வேகம் குறைந்தால் அடங்கும். எதிரே வந்த லாரிக்காரர்கள் ஒலி எழுப்பித் திட்டிக்கொண்டே போனார்கள். மாமா ஜெபமாலையை எடுத்தார். நான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எழுந்து நின்றேன், அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்திப் போனது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. தருமபுரியில் அப்பா வண்டியை நிறுத்தி, டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, டீ வாங்கி ஆற்றி ஆற்றிக் குடித்தார்.

"மாப்ள, நேரம் ஆவுதுங்க," என்றார் மாமா.

"வண்டி ஆடுதில்ல மச்சான். பாத்துதான் போவணும்."

தொப்பூரில் சாலை மலைகளுக்கு நடுவே சரிந்து இறங்கும். பிரேக் பிடிக்காத லாரிகள் கவிழ்ந்து கிடப்பதைப் பார்க்காமல் அந்த வழியாகப் போனவர்கள் குறைவு. இறக்கம் தொடங்கும் முன்பே அப்பா வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார்.

"இந்த ஆட்டத்தோட கணவாய் எறங்க முடியாது. திரும்பிடலாம்."

அம்மா பதறிப்போனாள். "திரும்பறதா? என்னா பேசறீங்க? பின்வண்டிய இங்கியே கழட்டி வுட்டுட்டு ஜீப்புல போயிடலாங்க."

"ஊர் சனம் சாமிக்குன்னு குடுத்தத ரோட்டுல வுட்டுட்டுப் போறதா?"

"இது சோதனைங்க மாப்ள," என்றார் மாமா. "நல்ல காரியத்துக்குக் கெளம்புனா சாத்தான் சும்மா இருப்பானா?"

அப்பா ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, "அடுத்த வருசம் சேந்துக்கிட்டாப் போச்சு," என்றார்.

"அப்ப கேக்கு?" என்று கேட்டேன்.

வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து வாயே திறக்காமல் வந்த அக்கா கீழே இறங்கினாள். டிரெய்லருக்குப் போய்த் தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்தாள். நானும் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். அரிசி மூட்டைகள் எல்லாம் பின்கதவை ஒட்டி வரிசையாக நின்றன. கடலைக்காய் மூட்டையும் அங்கேதான். முன்பக்கத்தில் மெத்தை மட்டும் கிடந்தது. அதன்மேல் சேவல் மகாராஜா போல உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கச் சங்கிலியும் தொளதொளவென்று தொங்கின.

"நீங்களாப்பா ஏத்துனீங்க?"

"ஆமா."

அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டையை எங்கே வைத்தால் வண்டி ஆடும் என்று அந்த வட்டாரத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. அக்காவுக்கு அது ஒரு பார்வையில் விளங்கிவிட்டது. எனக்கோ ரொம்ப வருடம் பிடித்தது. போகாதே என்று சொல்ல வாய் வராத மனிதர், மூட்டைகளைக் கொண்டு சொல்லிப் பார்த்திருக்கிறார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது.

அக்கா தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு மேலே ஏறினாள். உதவிக்கு எழுந்த மாமாவை, "வேணாங்க மாமா, நான் பாத்துக்கறன்," என்று தடுத்துவிட்டாள். தூக்க முடியாத மூட்டையை அடிப்பலகையில் தேய்த்தபடியே முன்னால் இழுத்தாள். அது ஒரு சாண்தான் நகர்ந்தது. மறுபடி இழுத்தாள். அப்பா சற்று நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு அந்தப் பக்கமாக ஏறி, மூட்டையின் இன்னொரு காதைப் பிடித்தார். மூட்டைகள் ஒவ்வொன்றாக அச்சைத் தாண்டி முன்னால் போயின. எல்லாம் முடிந்ததும் அக்கா இறங்கி, ஜீப்பிலிருந்த இரும்புக் குழாயைக் கொண்டுவந்து சங்கிலியில் கொடுத்து நெம்பினாள்.

"இன்னும் ஒரு கண்ணி," என்றாள்.

அப்பா குழாயைச் சேர்த்துப் பிடித்து அழுத்தினார். சங்கிலி இன்னும் ஒரு கண்ணி ஏறி மாட்டியது.

"இத காலையிலியே ஒழுங்கா ஏத்தியிருந்தா இந்நேரம் சேலம் போயிருக்கலாம். என்னா ஆச்சோ இந்த மனுசனுக்கு," என்று அம்மா சலித்துக்கொண்டாள். சாத்தான் தோற்றுவிட்டான் என்பதில் மாமாவுக்குச் சந்தேகமே இல்லை. உரக்கவே நன்றி சொன்னார்.

அக்கா மாமாவைப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டு, முன்னால் அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். ஜீப் இறக்கத்தில் இறங்கியது. டிரெய்லர் ஆடவில்லை, அசையவில்லை. கோடு போட்ட மாதிரி பின்னாலேயே வந்தது. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனதில் எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் அப்பா முன்னைவிட மெதுவாக ஓட்டினார். எங்களுக்குப் பின்னால் லாரிகள் வரிசை கட்டி ஒலி எழுப்பின. ஒரு லாரிக்காரர் கன்னடத்தில் ஏதோ கத்தினார். மாமா கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இப்பதான் ஆடலியேப்பா. வேகமா போங்க," என்றேன்.

"போலாம் பாப்பா," என்றார் அப்பா. ஆனால் போகவில்லை.

கியர்மேல் இருந்த அவர் கையின்மேல் அக்கா தன் கையை வைத்திருந்தாள். கியர் மாற்ற அது இடைஞ்சலாக இருக்குமே, அதனால்தான் வண்டி இப்படி ஊர்கிறதோ என்று நினைத்தேன்.

மடத்தின் மணி அடித்துக்கொண்டிருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். கேக்கும் கிடைத்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனதும், எங்கள் அப்பாவுக்குத் தொப்பூர் இறக்கம் என்றால் ரொம்பப் பயம் என்று வகுப்பில் எல்லாரிடமும் சொன்னேன்.